தட்டிப் பார்த்த கார்

"அந்த வண்டியில பாப்பாவை ஏத்த முடியாதுப்பா" என்று சுஜா சொன்னபோது, தைரியராஜ் முதலில் சந்தேகப்பட்டது மகளை அல்ல, மருமகனை.

ஏனென்றால் மருமகன் ஜெஸ்வின் சரியாக அந்த நேரம் பார்த்து முறுக்கைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியே தென்னை மரத்தைப் பார்த்தான். குற்றமில்லாத மனுஷன் எவனாவது முறுக்குத் தின்னும்போது தென்னை மரத்தைப் பார்ப்பானா? முறுக்கைத்தான் பார்ப்பான்.

"ஞானஸ்நானத்துக்கு இன்னும் நாலு ஞாயிறு இருக்கு" என்றார் தைரியராஜ். "ஸ்ரீரங்கத்துலேருந்து மேலப்புதூர் மாதா கோயிலுக்கு என் பேத்தி என் வண்டியிலதான் வருவா. நீ ஸ்கூலுக்குப் போனதும் அதுலதான். கல்யாணப் பொண்ணா வந்து இறங்குனதும் அதுலதான்."

"அப்பல்லாம் எதிர்ல வந்ததும் இதே மாதிரி சின்ன வண்டிப்பா. இப்ப வர்றதெல்லாம் மாட்டுக்கொட்டாய்க்குச் சக்கரம் வச்ச மாதிரில்ல வருது."

"எது வந்தா என்ன? நான் முப்பத்தஞ்சைத் தாண்டுறதே இல்ல."

"நீங்க தாண்ட மாட்டீங்க. எதிர்ல வர்றவன்?"

இது இரவல் வாக்கியம் என்று தைரியராஜுக்கு உடனே தெரிந்துபோயிற்று. அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் அவர் பார்த்த வேலையே அதுதான். நீளக் காம்பு போட்ட சுத்தியலால் ரயில் சக்கரத்தை ஒரு தட்டு. 'டங்' என்றால் போகலாம். 'டொக்' என்றால் உள்ளே எங்கேயோ விரிசல்.

வேலை ஓய்வு கொடுத்ததே தவிர, காது ஓய்வெடுக்கவில்லை. தேங்காய், பலாப்பழம், பக்கத்து வீட்டுச் சுவர், பால்காரர் சொல்லும் சமாதானம், எல்லாவற்றையும் தட்டிப் பார்ப்பார். ஒருமுறை டாக்டர் அவர் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்தபோது, இவர் டாக்டரின் மேஜையைத் தட்டிப் பார்த்து, "ஒட்டுப் பலகை" என்று டாக்டருக்கே சீட்டு எழுதாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தார்.

இப்போது அவர் காதில் விழுந்தது சுத்தமான 'டொக்'.

"மாப்ளே, நீங்க சொல்லுங்க. தென்னை மரம் எங்கயும் போயிராது."

ஜெஸ்வின் இன்சூரன்ஸ் சர்வேயர். மோதி நசுங்கிய வண்டிகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது அவன் வேலை. நாளெல்லாம் நசுங்கலைப் பார்க்கிறவனுக்கு நல்ல வண்டியைப் பார்த்தாலும் நசுங்கலாகத்தான் தெரியும் என்பது மாமனாரின் கட்சி.

"மாமா, நம்ம வண்டி எழுநூறு கிலோ கூட வராது. எதிர்ல வர்றது ரெண்டாயிரம் கிலோ. ரெண்டும் மோதினா, லேசான வண்டிதான் அடியில பெரும் பங்கை வாங்கும். கனமானது கொஞ்சம் குலுங்கும், அவ்வளவுதான்."

"இது அந்தக் காலத்து இரும்பு மாப்ளே. கெட்டி."

"கெட்டி மட்டும் போதாது மாமா. புது வண்டியில முன்பக்கம் வேணும்னே மடங்குற மாதிரி செஞ்சிருப்பாங்க. அது மடங்கி அடியை வாங்கிக்கும். நாம உட்கார்ற கூண்டு மடங்காது. அப்புறம் ஏர்பேக் இருக்கு. நம்மதுல அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. இருபத்திரண்டு வருஷத்து வண்டி."

"மடங்குறதுதான் விசேஷம்னா ஒரு கோரைப்பாயை வாங்கி ஓட்ட வேண்டியதுதானே?"

மனைவி டோரதி காபியோடு வந்தாள். "அவரு சொல்றதுலயும் நியாயம் இருக்குங்க" என்றாள்.

எந்த 'அவரு' என்று சொல்லவில்லை. தைரியராஜின் சந்தேகம் அங்கே ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தது.

முப்பத்தைந்து கிலோமீட்டர் விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். திருச்சி நகரத்தில் தைரியராஜின் வெண்ணெய் நிறக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளாத டவுன் பஸ் டிரைவர் கிடையாது. அவருக்குப் பின்னால் காவிரிப் பாலத்தில் நின்ற வரிசை ஒரு நாள் மாம்பழச்சாலையில் தொடங்கி முசிறி வரை போனதாகச் சொல்வார்கள். உறையூர் பக்கம் ஒரு சவ ஊர்வலமே ஹாரன் அடித்து அவரை முந்திப் போயிருக்கிறது.

ஆனால் அவர் பிறவியிலேயே அப்படியில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், ரிட்டயர் ஆன சூட்டில், சத்திரம் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு பஸ் காதுக்குள் ஏர் ஹாரன் அடித்துவிட்டது என்பதற்காக அதைச் சமயபுரம் வரை துரத்திக்கொண்டு போனவர். பக்கத்து சீட்டில் இருந்த டோரதி அந்தத் தூரத்துக்குள் ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலையை மூன்று தரம் சொல்லி முடித்தாள். அதற்கப்புறம் தவக்காலத் தியானத்துக்குப் போய்விட்டு வந்தார். வந்த வாரத்திலிருந்து வேகமே வரவில்லை.

இதைக் கோயிலில் மைக் பிடித்துச் சாட்சியாகவே சொன்னார். "சகோதர சகோதரிகளே, வேக ஆவி என்னை விட்டுப் போயிருச்சு. இப்பெல்லாம் நான் மிதிச்சாலும், என்னைக் காக்குற வானதூதரு, என் காவல் சம்மனசு, பாதத்தைத் தாங்கிப் பிடிச்சு, போதும் மகனேன்னு சொல்ற மாதிரி இருக்கு."

சபை முழுக்க அல்லேலூயா. டோரதி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்க உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த பெண்கள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். இரண்டு வாலிபர்கள் பைக்கை விட்டுவிட்டுப் பத்து நாள் சைக்கிளில் போனார்கள்.

அப்பேர்ப்பட்ட காரைத்தான் ஆபத்து என்கிறார்கள்.

மறுநாளே தைரியராஜ் பாலக்கரையில் ஜமாலின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். இருபது வருஷமாக ஜமால்தான் மெக்கானிக். "முன்னாடி பெருசா ஒரு இரும்பு கார்டு அடி. காண்டாமிருகம் வந்தாலும் பயந்து திரும்பணும்."

"செஞ்சிரலாம் சார். அக்கா வரலையா?"

"அக்கா எதுக்கு?"

"இல்ல, எப்பவும் வருவாங்களே."

தட்டாமலே 'டொக்' கேட்டது. ஆமாம், டோரதி எப்போதும் வருவாள். மூன்று வருஷமாக ஒரு சர்வீஸ் தவறாமல், மெனக்கெட்டு வருவாள். வந்ததும், "நான் வண்டியைப் பாத்துக்கிறேன். நீங்க போயி டீ குடிச்சுட்டு வாங்க" என்பாள். டீ குடித்துவிட்டு வந்தால் இருவரும் டிரைவர் சீட்டுப் பக்கம் தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்பார்கள். இவரைக் கண்டதும் நிமிர்வார்கள். போதாததற்கு ஜமாலுக்கு டோரதி கிறிஸ்துமஸ் கேக் கொடுப்பாள். கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தால் சரி. ஜூலையில் எதற்கு கிறிஸ்துமஸ் கேக்?

இரும்பு கார்டு வந்தது. பார்த்தால் மத்தியச் சிறைச்சாலைக் கதவைக் கழற்றி மாட்டியது போலிருந்தது. மூன்றாவது நாள் தலைமைத் தபால் நிலையம் சிக்னலில் டிராஃபிக் போலீஸ்காரர் ஓரம் கட்டச் சொன்னார்.

"இது போடக்கூடாது தெரியுங்களா? நடந்து போறவன் மேல பட்டா என்ன ஆகும்?"

"என் பேத்தி பாதுகாப்புக்குங்க."

"ஊர்ல மத்தவங்களுக்குப் பேத்தி இல்லீங்களா?"

போலீஸ்காரர் ஜமாலை அங்கேயே வரவழைத்துக் கழற்ற வைத்தார். செய்தி கேட்ட ஜெஸ்வின் நிம்மதியாகச் சொன்னான்: "நல்லவேளை மாமா. கார்டு இருந்தா மோதுற அடி நேரா வண்டியோட அடிச்சட்டத்துக்கு, சேஸிஸுக்குப் போகும். கொஞ்ச நஞ்சம் மடங்குறதும் மடங்காது. அது இன்னும் ஆபத்து."

"போலீஸுக்குப் போன் பண்ணினது யாரு?" என்றார் தைரியராஜ். ஜெஸ்வின் தென்னை மரத்தைத் தேடினான்.

அடுத்து ஹெல்மெட். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவை கட்டிய டோரதியின் தலையில் சிவப்பு ஹெல்மெட்டை மாட்டிக் காரில் உட்கார வைத்தார். கோயில் வாசலில் இறங்கும்போது கொக்கி கழலவில்லை. பூசை முழுவதும் அவள் ஹெல்மெட்டோடுதான் முழங்காலில் இருந்தாள். நாக்கில் நன்மை அப்பம் வாங்கப் போனபோது பங்குச்சாமியார் முகத்துக் கண்ணாடியை மரியாதையாகத் தட்டித் திறக்கச் சொன்னார்.

"இன்னும் ஒரு வாரம் நீங்க இப்படிப் பண்ணீங்கன்னா, நான் டவுன் பஸ்ல போயிக்கிறேன்" என்றாள் டோரதி, வீட்டுக்கு வந்து, ரம்பத்தால் கொக்கியை அறுத்த பிறகு.

பேத்திக்கும் ஒரு குட்டி ஹெல்மெட் வாங்கலாமா என்று அவர் கேட்டதோடு சுஜா போனை வைத்துவிட்டாள். ஞானஸ்நானத்துக்கு இரண்டு ஞாயிறு பாக்கி.

அன்று ராச்சாப்பாட்டின்போது தைரியராஜுக்கு ஞானோதயம் ஆயிற்று. கனமான வண்டிதானே பிழைக்கும்? அப்படியென்றால் நம் வண்டியைக் கனமாக்கிவிட்டால் போயிற்று. வீட்டின் பின்கட்டில், கிரைண்டர் வந்த நாளிலிருந்து வேலையில்லாமல் கிடந்த ஆட்டுக்கல், அம்மி, குழவி, மொட்டை மாடிக் கட்டுமானத்தில் மிஞ்சிய ஆறு மூட்டை மணல், எல்லாம் காருக்குள் போயின. பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் தூக்கி, கார் மேகத்தைப் பார்த்து ஏதோ வரம் கேட்பது போல நின்றது.

"இந்தா பாரு, இப்ப யார் வேணா எதிர்ல வரட்டும்" என்று சொல்லி, மகளுக்குக் காட்ட ஸ்ரீரங்கம் புறப்பட்டார்.

மேலப்புதூர் சுரங்கப்பாதை வரை கூடப் பிரச்சினையில்லை. ரயில் பாதைக்கு அடியில் கார் ராஜாவைப் போல இறங்கியது. ஏறுகிற இடத்தில் நின்றுவிட்டது.

மிதித்தார். எஞ்சின் முனகியது. மேலும் மிதித்தார். சம்மனசு தாங்கிப் பிடித்தார். பின்னால் மூன்று டவுன் பஸ்கள், பதினேழு ஆட்டோக்கள், முட்டை ஏற்றிய ஒரு 'குட்டி யானை' வேன், எல்லாம் ஒரே சுருதியில் ஹாரன் அடித்தன. சுரங்கப்பாதைக்குள் அந்தச் சத்தம் சுற்றிச் சுற்றி வந்தது. பிரளய நாளில் சம்மனசுகள் ஊதப்போகும் எக்காளத்தின் ஒத்திகை அன்று மேலப்புதூரில் நடந்தது என்றே சொல்லலாம்.

பூக்கூடையோடு போன வீராயி என்ற பூக்காரி இடுப்பில் கூடையை இடுக்கிக்கொண்டு தள்ளினாள். கார் அசையவில்லை. "ஏங்க, உள்ள ஆட்டுக்கல்லையா வச்சிருக்கீங்க?"

தைரியராஜ் திடுக்கிட்டார். ஆட்டுக்கல் விஷயம் வீட்டை விட்டு வெளியே போகவில்லையே. இவளுக்கு யார் சொன்னது?

"உனக்கு டோரதியைத் தெரியுமா?"

"எனக்கு உங்களையே தெரியாதுங்க. இறங்கித் தள்ளுங்க."

கடைசியில் பதினோரு பேர் தள்ளினார்கள். வீட்டில் டோரதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "சடன் பிரேக் போட்டா அந்த ஆட்டுக்கல்லு எங்க வந்து உட்காரும், யோசிச்சீங்களா?" தைரியராஜ் யோசித்தார். பின்னந்தலையைத் தடவிக்கொண்டார்.

ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அவரைக் குடைந்தது. எஞ்சினுக்கு ஏன் இழுக்கும் சக்தி இல்லை? இதே கார்தானே சமயபுரம் வரை பஸ்ஸைத் துரத்தியது? நேராகப் பாலக்கரைக்குப் போனார்.

"ஜமாலு, என் எஞ்சினை என்ன செஞ்ச?"

"அல்லா மேல ஆணையா சார், எஞ்சின்ல நான் கை வைக்கவே இல்ல."

'டங்.' இவ்வளவு சுத்தமான 'டங்' அவர் பொன்மலையிலேயே கேட்டதில்லை. அதனால் சந்தேகம் இரட்டிப்பானது.

"அப்ப அக்காவும் நீயும் டிரைவர் சீட்டுப் பக்கம் குனிஞ்சு என்ன பாக்குறீங்க?"

ஜமால் ஸ்பானரைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த ஸ்பானர். "எலி சார்."

"எலியா?"

"எலி வருது சார். வயரைக் கடிக்குது."

'டொக்.'

அவ்வளவுதான், கணக்கு நேரானது. சேஸிஸ் நம்பரைத்தான் எழுதிக்கொள்கிறார்கள். டோரதி, ஜமால், சுஜா, ஜெஸ்வின், நால்வரும் சேர்ந்து முதுகுக்குப் பின்னால் காரை விற்கப் போகிறார்கள். ஆபத்து, ஏர்பேக், பாப்பா எல்லாம் அதற்கான முன்னேற்பாடு. தைரியராஜ் அன்றே காரின் ஆர்.சி. புத்தகத்தை அரிசி டிரம்மின் அடியில் புதைத்தார். சாவியைக் கழுத்து ஜெபமாலையில் கோத்துக்கொண்டார். ஜெபிக்கும்போது ஐந்தாவது மணிக்கும் ஆறாவது மணிக்கும் நடுவில் சாவி வந்து விரலில் குத்தியது.

புதன்கிழமை ஜெஸ்வின் வந்தான். "மாமா, என்கூட ஒரு இடத்துக்கு வர்றீங்களா? பாத்துட்டு நீங்க என்ன சொன்னாலும் சரி. பாப்பாவை உங்க வண்டியிலயே அனுப்புறேன். சுஜாகிட்ட நான் பேசிக்கிறேன்."

இதிலும் ஏதோ சூது இருக்கிறது என்று எண்ணித்தான் தைரியராஜ் சுத்தியலை எடுத்துக்கொண்டு போனார்.

பைபாஸ் ஓரம், விபத்து வண்டிகளை நிறுத்தும் ஒரு காலி மனை. முள்வேலிக்குள் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

"ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதினது மாமா. போன வாரம்."

ஒன்று பெரிய, புதிய வண்டி. மூக்கு முழுக்க அப்பளம் போல நொறுங்கியிருந்தது. ஆனால் கதவு திறந்தது. உள்ளே காற்றுப் போன வெள்ளைப் பைகள் தொங்கின. சீட்டில் யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருந்தது.

"இதுல வந்தவரு தானே இறங்கி, தானே ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினாரு."

"யாருக்கு ஆம்புலன்ஸ்?"

ஜெஸ்வின் மற்றதைக் காட்டினான். சின்னக் கார். பழசு. வெண்ணெய் நிறம்.

தைரியராஜ் சுத்தியலால் அதன் கதவைத் தட்டினார். டங். கூரையைத் தட்டினார். டங். கெட்டியான இரும்புதான், ஒரு குறையும் இல்லை. ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் கையை விட்டுச் சாண் போட்டுப் பார்த்தார். கட்டைவிரலை வைத்தார். சுண்டுவிரல் வைக்க இடமில்லை.

"ஓட்டினவரு மெதுவாத்தான் வந்திருக்காரு மாமா. இன்னும் ஐசியுலதான் இருக்காரு."

தைரியராஜ் பின் சீட்டுப் பக்கம் போகவில்லை. சுத்தியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு" என்றார், யாரிடமோ.

திரும்பும் வழி முழுக்க அவர் யாரையும் சந்தேகப்படவில்லை. பழக்கமில்லாததால் அவருக்கு லேசாகத் தலைவலித்தது.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. ஷோரூமில் ஒன்பது வண்டிகளைச் சுத்தியலால் தட்டினார். விற்பனைப் பையன்கள் நால்வர் பின்னாலேயே துணியோடு ஓடித் துடைத்தார்கள். மேனேஜர் தண்ணீர் குடித்தார். கடைசியில் பெரிதாய், கனமாய், ஆறு ஏர்பேக் வைத்த சாம்பல் நிற வண்டி ஒன்று முடிவாயிற்று. "மடங்குமா?" என்று கேட்டார். "நல்லா மடங்கும் சார்" என்றான் பையன், விற்பனை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு. "அப்ப குடுங்க" என்றார்.

பழைய காரை உடைக்கக் கொடுக்குமுன் ஜமால் வந்து தனக்கு வேண்டிய சாமான்களைக் கழற்றிக்கொண்டார். அப்போதுகூட டிரைவர் சீட்டுப் பக்கம் குனிந்து எதையோ எடுத்துப் பேப்பரில் சுற்றி, டோரதியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தைரியராஜ் கவனித்தார். துக்கத்தில் இருந்ததால் விட்டுவிட்டார்.

ஞானஸ்நான ஞாயிறு. வாசலில் புது வண்டி. பூமாலை, பின் சீட்டில் பாப்பாவுக்கென்று பெல்ட் வைத்த குட்டி நாற்காலி, கண்ணாடியில் ஜெபமாலை. ஸ்ரீரங்கத்திலிருந்து சுஜா போன் செய்தாள். "அப்பா, பாப்பா ரெடி. நீங்க வந்து கூட்டிட்டுப் போங்க. நீங்கதான் ஓட்டணும்."

தைரியராஜ் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "முப்பத்தஞ்சுலதாம்மா வருவேன்" என்றார்.

"தெரியும்ப்பா. அந்த நம்பிக்கையிலதான்."

வெள்ளைச் சட்டையில் ஜமாலும் விசேஷத்துக்கு வந்திருந்தார். கையில் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலம். குழந்தைக்குப் பரிசாக இருக்கும் என்று தைரியராஜ் நினைத்தார். நினைத்துக்கொண்டிருக்கும்போதே டோரதி வெளியே வந்தாள்.

"என்னங்க, இன்னும் நேரம் இருக்கு. முக்குக் கடையில ஒரு டீ குடிச்சுட்டு வாங்க."

'டொக்.'

போன உயிர் திரும்பி வந்தது போலிருந்தது தைரியராஜுக்கு. "சரி, குடிச்சுட்டு வரேன்" என்று நல்லபிள்ளையாகத் தெருமுனை வரை நடந்தார். திரும்பினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, காம்பவுண்டுச் சுவர் ஓரமாகப் பூனை நடை நடந்து, கேட்டுத் தூணுக்குப் பின்னால் ஒளிந்து காதைத் தீட்டிக்கொண்டார்.

புது வண்டியின் டிரைவர் பக்கக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பேப்பரைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஜமாலின் குரல்:

"அக்கா, மூணு வருஷமா ஆக்ஸிலேட்டருக்கு அடியில நாம வச்சிருந்த பூவரசங்கட்டை இந்த வண்டிக்கு உயரம் பத்தாது. ரெண்டு விரல் கூட வச்சுப் புதுசா செதுக்கிட்டு வந்திருக்கேன், சார் டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள மாட்டிரலாம்."